மூன்று சாமான் மாப்பிள்ளை

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வீடு நலம், குழாய் நலம், என் மகள் மிக மிக நலம். நலமில்லாதவன் நான் ஒருவன்தான். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள், அந்தக் கதவு எப்போதும் ஒரு விரல்கடை திறந்தே கிடக்கிறது. அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு. அத்தானிடம் காட்டாதே, அவர் சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் விரும்புகிற பையனின் அப்பா அம்மா சம்மதம் கேட்டு வருகிறார்கள், நீயும் வருவதாக இருக்கிறாய். வரவேண்டாம். வெள்ளிக்கிழமை போன் பண்ணி, ஸ்பீக்கரில் மகள் காதிலும் விழும்படி, "எனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலை" என்று மட்டும் சொல். காரணம் சொல்லாதே. நீ என்றைக்குக் காரணம் சொல்லியிருக்கிறாய், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. நானே வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் மகள் "நீங்க வேணாம்னா வேணாம்ப்பா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் கேட்காமலே இரண்டாவது காபியும் வருகிறது. அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே அவளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. உனக்குக் கூசாமல் பொய் சொல்ல வரும். கன்டென்ஸ்டு மில்க் டின்னைப் பூனை திறந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயே, பூனைக்கு டின் திறக்கத் தெரியாது என்பது ஆறு வயதிலேயே எனக்குத் தெரியும். இன்னும் நான் அந்த விசாரணையை முடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பையன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற ஆளை எந்த மாடியில் நம்புவது என்று எனக்கு ஆரம்பத்திலேயே ஒரு நெருடல். போன ஞாயிறு மதியம் நம் வீட்டு அடுப்பில் தானே சமைக்கிறேன் என்று வந்தான். ஏதோ ஓட்டலில் லிஃப்டுக்குள் ஓர் இத்தாலிக்காரச் சமையல்காரரோடு இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டானாம், பொழுது போக அவர் வாயாலேயே சொல்லிக்கொடுத்த சமையலாம். பழுது பார்க்கப் போனவனே உள்ளே மாட்டிக்கொண்டான் என்றால் வேலை என்ன லட்சணம் என்று நீயே யோசித்துப் பார். "என்னென்ன போடுவே தம்பி?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "மூணே சாமான் மாமா. பாஸ்தா, சீஸ், மிளகு." "வெண்ணெய்?" "இல்ல." "பால், கிரீம்?" "இல்ல மாமா." "எண்ணெயாவது?" "ஒரு சொட்டு இல்ல." நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தயாராகப் பதில் வைத்திருந்தான், அதுவே சரியில்லை. அடுப்படிக்குள் நுழையப் பார்த்தேன். மகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "முதல்ல அந்த நோட்டையும் பேனாவையும் வெளிய வைங்கப்பா" என்றாள். வெளியே உட்கார்ந்து மூக்கை மட்டும் உள்ளே அனுப்பினேன். மிளகு வறுபடும் வாசனை வந்தது, பிறகு இடிக்கும் சத்தம் வந்தது, அதுவரை எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஆனால் தட்டு வந்ததும் பார்க்கிறேன், ஒவ்வோர் இழையிலும் வழவழவென்று ஒரு குழம்பு பூசியிருக்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போனது? ருசியைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டாவது தடவை போட்டுக்கொண்டது பரிசோதனைக்காக.

முப்பத்தொரு வருடம் பால் பரிசோதகனாக இருந்தவனை யாரும் ஏய்க்க முடியாது. சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த காலி இருமல் மருந்து பாட்டிலில் ஒரு ஸ்பூன் குழம்பைச் சேகரித்துக்கொண்டு, கை கழுவுவதுபோலக் குளியலறைக்குப் போனேன். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் அது நீர்த்துத் தெரியக்கூடாது என்று மாவும் கலப்பான், இரண்டு சொட்டு அயோடின் விட்டால் நீலமாக மாறிக் காட்டிக் கொடுத்துவிடும் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். முதலுதவிப் பெட்டியில் புண்ணுக்குப் போடும் அயோடின் இருந்தது. குழம்பை நன்றாக ஆறவிட்டு, குலுக்கி, இரண்டு சொட்டு விட்டேன். நீலம் அக்கா, மை ஊற்றியதுபோல நீலம். ஓய்வு பெற்றபின் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பாட்டிலை மேஜையின் நடுவில் வைத்து, "இது என்ன?" என்றேன். திருதிருவென்று விழிப்பான் என்று பார்த்தேன். அவன் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "அழகா இருக்கே மாமா" என்றான். "மாவு கலந்திருக்கு" என்றேன். "ஆமா மாமா. பாஸ்தாவே மாவுதானே. அது வெந்த தண்ணில மாவு இறங்கியிருக்கும். அடுப்பை அணைச்சிட்டு, அந்தத் தண்ணியை ஒரு கரண்டி விட்டுக் குழைச்சாத்தான் சீஸ் இப்படிச் சேரும்." "அப்போ தண்ணி சேர்த்திருக்கே." "சேர்த்தேன்." "மூணு சாமான்னு சொன்னியே." "தண்ணியை யாராவது கணக்குல சொல்லுவாங்களா மாமா?" அக்கா, எனக்குத் தலை சுற்றிவிட்டது. முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு பால்காரரும் இதே வாக்கியத்தை இதே முகத்தோடு என்னிடம் சொல்லியிருக்கிறார், ஒருவரையும் நான் விட்டதில்லை. "அப்பா, அது சாப்பாடு. சாம்பிள் இல்ல" என்றாள் மகள். சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பரவாயில்லை, சிரிக்காமல் சொன்னாள்.

சரி, நியாயமாக நடப்போம் என்று நேற்று நானே செய்து பார்த்தேன். அதே கடை, அதே சீஸ், அதே மிளகு. பாஸ்தா வெந்ததும் அந்தக் கலங்கல் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்துக் கொட்டினேன், போதாதென்று குழாயைத் திறந்துவிட்டு அலசவும் அலசினேன். என் கை தண்ணீர் சேர்க்குமா? உயிரே போனாலும் சேர்க்காது. அடுப்பையும் அணைக்கவில்லை, அரைவேக்காடு எனக்குப் பிடிக்காது. நன்றாக எரியவிட்டு சீஸைக் கொட்டினேன். ஒரு நிமிஷம்தான், எல்லாம் திரண்டு ஒரே கட்டியாகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் வாணலியும் கூடவே எழுந்து வந்தது. அதைப் பிரிக்க நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "என்ன சார், சுவரை இடிக்கிறீங்களா?" என்றார். இதிலிருந்து தெரிவது என்ன? அவன் வெண்ணெய் போட்டிருக்கிறான். தண்ணீர்க் கதை சும்மா கண்துடைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்தவன் நான், சீஸில் வெண்ணெயை மறைப்பவனிடமா ஏமாறுவேன்? இன்றைக்கு வெண்ணெயை மறைக்கிறவன் நாளைக்கு எதைத்தான் மறைக்கமாட்டான், சொல்லு.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது, இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பிஸ்கட் டப்பாவில் இரண்டு குறைந்தால் நான் அவளைக் கேட்பேன், அவள் என்னைக் கேட்பாள், அப்படியே சாயங்காலம் போய்விடும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரைச் சந்தேகப்படுவது? நானே தின்றுவிட்டு நானே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது முழுக்க முழுக்க வெண்ணெய் விஷயம்.

அத்தானுக்கு என் வணக்கம். வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். உன் ஆசி எனக்கு வேண்டும், உன் போன் அதைவிட அவசரமாக வேண்டும்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு எழுதும்
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை நேற்றே ஒட்டியிருக்க வேண்டும், பசை காய்ந்துபோயிருந்தது. இன்று புதன்கிழமை சாயங்காலம். வெண்ணெய் போட்டால்தான் வரும் என்பதை நிரூபித்து ஒரு வரி சேர்த்துவிடலாமென்று அரைப் பாக்கெட் வெண்ணெய் போட்டு மறுபடி செய்தேன். வழவழவென்று வந்தது. அந்த நேரம் பார்த்து மகளும் அவனும் உள்ளே வந்தார்கள். மகள் ஒரு வாய் எடுத்துப் போட்டுவிட்டு, "அப்பா, மூணே சாமான்லயா செஞ்சீங்க?" என்றாள். ஏழு வருடத்தில் என் சமையலுக்கு அவள் அப்படி ஒரு முகம் காட்டியதில்லை. "ஆமா" என்றது என் வாய். நான் சொல்லவில்லை அக்கா, வாய்தான் சொன்னது. அவனும் சாப்பிட்டான். "நல்லா இருக்கு மாமா" என்று இன்னொரு தடவை போட்டுக்கொண்டான். பிறகு தட்டைக் கழுவ எடுத்துப்போனான், நானும் பின்னாலேயே போனேன், ஏனென்றால் வெண்ணெய்க் காகிதம் அடுப்புப் பக்கத்திலேயே கிடந்தது. அவன் காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மகள் டம்ளர்களோடு வருகிற சத்தம் கேட்டது. காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டான். போகும்போது படிக்கட்டில் குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவை அந்தத் தண்ணியையே ஒரு கரண்டி விட்டுப் பாருங்க மாமா, மத்தது வேணாம்" என்றான். அவன் சட்டைப்பையில் வெண்ணெய்க் கறை உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது.

தடயத்தை ஒளித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்னுடைய தடயத்தை ஒளித்தவன் இவன் ஒருவன்தான். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. போன் பண்ணாதே, நேரில் வா, வந்ததும் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீயே "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிடு. டின் விசாரணையையும் இன்றோடு முடித்துக்கொண்டேன், அந்தப் பூனை கெட்டிக்காரப் பூனையாக இருந்திருக்கலாம். இவ்வளவு தெரிந்துகொண்ட ஆளை வெளியே விட்டுவைப்பது ஆபத்து அக்கா. நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.