ஆயிரத்து இருபத்து நாலு வாரம் முன்னால் நடந்த நடை

தினமும் காலையில் நான்கு கிலோமீட்டர் நடப்பதில்லை என்று சர்வேயர் உறுதியான முடிவுக்கு வந்தார். நடப்பதாக வீட்டில் சொல்வது அந்த முடிவின் இரண்டாம் பகுதி.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாக டாக்டர் சொன்ன அன்றே மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். நாளையிலிருந்து அவளுடைய அண்ணனோடு நடக்க வேண்டும். அண்ணன் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, விசில் ஓய்வு பெறவில்லை. நடக்கும்போது முட்டியை இடுப்புவரை தூக்கச் சொல்வார். அதுவும் நாலு பேர் பார்க்கிற நடுத்தெருவில் சொல்வார். சர்க்கரை ஏறினாலும் ஏறட்டும், மானம் போகக் கூடாது என்று சர்வேயர் தவித்தார்.

"தனியாவே நடக்கிறேன்மா. தினமும் ஆதாரம் காட்டுறேன். ஒரு நாள் தப்பினாலும் உங்கண்ணன்கிட்ட என்னை ஒப்படைச்சிரு."

ஆதாரத்துக்காக பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய ஜிபிஎஸ் கருவியை எடுத்தார். சோப்புப் பெட்டி அளவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கியது. கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், நடந்த பாதையைக் கோடாக வரைந்து, தேதி, நேரம், தூரம் எல்லாம் போட்டுப் பத்திரப்படுத்தும். பேட்டரி போட்டு வாசலில் நீட்டியதும் மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

சர்வேயருக்குக் காரணம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"செயற்கைக்கோள் வருஷமெல்லாம் சொல்லாது. வாரத்தைத்தான் எண்ணிச் சொல்லும். ஆயிரத்து இருபத்து நாலு வாரம் ஆச்சுன்னா மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பம். புதுக் கருவிக்கு இது எத்தனாவது சுத்துன்னு தெரியும். இது பழசு, பாவம். இன்னும் பழைய சுத்துலயே இருக்கிறதா நினைச்சுக்குது. கிழமை சரி, நேரம் சரி, இடம் அச்சு பிசகாது. தேதி மட்டும் பத்தொம்பது வருஷம் ஏழு மாசம் பின்னாடி போயிடும்."

"அப்ப இது காட்டுற தேதியைத்தான் இன்னைக்குன்னு நான் எடுத்துக்கணும்."

"அதேதான்" என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் மூளையில் விளக்கு எரிந்தது.

பத்தொன்பது வருஷம் ஏழு மாதத்துக்கு முன்னால், ஒல்லியாக, சுறுசுறுப்பாக அவர் நடந்த நடையெல்லாம் கருவிக்குள் அப்படியே இருந்தன. அன்றைய நடையும் இன்றைய நடையும் ஒரே தேதியில்தான் விழும். எது எந்தச் சுற்று என்று கருவிக்கே தெரியாது. வீட்டுக்காரிக்கு எங்கே தெரியப்போகிறது?

மறுநாள் முதல் ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி சிநேகிதரின் சலூன் இருந்தது. அங்கே ஒரு மணி நேரம் கேரம், இரண்டு டீ, இரண்டு பன். திரும்பும்போது சலூன்காரர் தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலால் அவர் நெற்றியில் இரண்டு முறை அடித்து அனுப்புவார். வியர்வை தயார். வீட்டுக்கு வந்து பட்டனை அழுத்தி அன்றைய தேதியைத் தேடி நீட்டுவார். நாலு புள்ளி ஒன்று. நாலு புள்ளி ஆறு. அந்த இளைஞன் ஏமாற்றவே இல்லை. மனைவி ஒவ்வொரு நாளும் வாங்கிப் பார்த்து "ம்" என்பாள்.

அவள் தபால் நிலையத்தில் பதினைந்து வருஷமாகக் கடிதம் பிரிக்கிறவள் என்பதைச் சர்வேயர் சுத்தமாக மறந்துபோனார்.

ஒன்பதாம் நாள் அவள் "ம்" சொல்லவில்லை. கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மரக்கடைச் சந்து வழியா போனீங்களா?"

"ஆமா. நல்ல காத்து."

"அதை மூடி ஆஸ்பத்திரி கட்டி எட்டு வருஷமாச்சு. அந்த விலாசத்துக்கு வர்ற கடிதத்தையெல்லாம் நான்தான் திருப்பி அனுப்புறேன். நீங்க ஆபரேஷன் தியேட்டருக்குள்ள பூந்து வந்திருக்கீங்க."

"பழைய கருவி. கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும்."

"இடம் அச்சு பிசகாதுன்னீங்களே."

சர்வேயருக்கு இப்போது நிஜமாகவே வியர்த்தது. காதுக்குள் விசில் சத்தம் கேட்டது. அவள் போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்துவிட்டு, அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்றாள்.

"தினமும் ஆறே முக்காலுக்கு இந்தக் கோடு ஒரே இடத்துல சிக்கு விழுந்த நூல் மாதிரி சுத்துது. இன்னைய தேதியில பதினோரு சுத்து. அது எந்த இடம்?"

குனிந்து பார்த்தார். அது அவள் பிறந்து வளர்ந்த தெரு. ஆறே முக்காலுக்குத்தான் அவள் கல்லூரி பஸ்ஸுக்காக வாசலில் நிற்பாள். கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருஷமும், "இவங்கப்பா கெஞ்சினாரேன்னுதான் சம்மதிச்சேன், அதுக்கு முன்னாடி இவளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி வந்தவர் இவர்.

"அந்தத் தெருவை அளந்தேன்" என்றார் மெல்ல.

"பதினோரு தடவையா?"

"அளவு துல்லியமா இருக்க வேணாமா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நின்றபடி சிரித்து, முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் வெட்கத்தை மீறிச் சிரிப்பு வந்தது. இத்தனை சந்தோஷமாக அவள் சிரித்து நாளாயிற்று என்று தோன்றியது. முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். சொன்னால் மதிப்புப் போய்விடும் என்றார். அப்படி ஒன்று இருந்ததா என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

"அண்ணன் வேணாம், விடுங்க" என்று அவளே சொன்னதும் சர்வேயருக்குப் போன உயிர் திரும்பியது.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் ஷூ போட்டுக்கொண்டு, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இருவரும் பேசிக்கொண்டே அந்தத் தெருவுக்குப் போனார்கள். பழைய வீட்டில் இப்போது யாரோ குடியிருந்தார்கள். அவள் வாசலில் அன்று நின்ற அதே இடத்தில் போய் நின்று, "ம், சுத்துங்க" என்றாள்.

சுற்றினார். ஒவ்வொரு முறை தாண்டும்போதும் அவள் அந்தக் காலத்தில் பார்த்தது போலவே பார்க்காத மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே முதல் ஆறு சுற்றைச் சிரித்துக்கொண்டே முடித்தார். மீதியை வாயால் மூச்சு விட்டுக்கொண்டு முடித்தார். கடைசியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "பதினொண்ணு ஆச்சு, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அவள் பட்டனை அழுத்திப் பார்த்தாள்.

"பதினொண்ணு நேத்தையதுங்க. இன்னைய தேதிக்குப் பதினாலு இருக்கு."