டெண்டர் அண்ணன் பார்த்த நிரந்தர வேலை

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ ராஜாக்கள் பிடித்தார்கள், விட்டார்கள். ஆனால் அந்தக் கோட்டையைச் சப்-காண்ட்ராக்டுக்கு விட்ட மனுசர் உலகத்திலேயே ஒருவர்தான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் டெண்டர். எனக்கு டெண்டர் அண்ணன்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. எதைச் செய்தாலும் மூன்று பேரிடம் ரேட் கேட்காமல் செய்ய மாட்டார். முடி வெட்டிக்கொள்ளப் பஜாரில் இருக்கிற சலூன்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்குவார். "பின்னாடி மட்டும்தான் முடி இருக்குது. முன்னாடி காலி மனை. அதைக் கழிச்சிக்கினு ரேட்டு சொல்லு" என்பார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட, "மொத்தமா எவ்ளோ ஆவும் டாக்டரு? சீக்கிரம் முடிச்சுக் குடுத்தா மேல போட்டுத் தரேன்" என்று டாக்டருக்கே ஆசை காட்டியவர். ஓட்டலில் இட்லி கனம் போதவில்லை என்று, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்து, சர்வரை ஓட வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நாள் கூலி, மாசச் சம்பளம் என்றாலே அவருக்கு ஆகாது. "நாளுக்குக் காசு வாங்கறவன் சூரியனைப் பாத்துக்கினு வேலை செய்வான். வேலைக்குக் காசு வாங்கறவன்தான் வேலையைப் பாப்பான்" என்பார்.

நானும் அப்போது காண்ட்ராக்டர்தான். அஞ்சாங்கிளாஸோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. கல் சுமந்து, கலவை சுமந்து, கரண்டி பிடித்து, மீசை நன்றாக முளைப்பதற்குள் மதகு, பாலம், பள்ளிக்கூடச் சுவர் என்று சொந்தமாக எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். தற்பெருமை என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, உண்மைதானே. இன்றைக்குச் செஞ்சியில் என் கை படாத தெரு கிடையாது. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் டெண்டர் கவர் பிரிக்கிற நாளில் எனக்கும் அண்ணனுக்கும்தான் நேர்ப் போட்டி. மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள்.

அறுபதுகளின் நடுவில் மழை ஏமாற்றியது. ஏரிக்குள் பிள்ளைகள் சடுகுடு ஆடினார்கள். ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். அதை இட்லிக்கு ஊறப்போட்ட வீடுகளும் உண்டு. யூனியனில் பணம் இல்லை, ஒரு மதகு வேலைகூட விடவில்லை. காண்ட்ராக்டர்கள் அத்தனை பேரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததில், கடைக்காரர் பெஞ்சை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய இடி ஒன்று விழுந்திருந்தது. பிரசவத்துக்கு அனந்தபுரத்தில் தாய்வீட்டுக்குப் போன என் வீட்டுக்காரி அஞ்சலை, பையன் பிறந்து தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. மாமனார் அனுப்பவில்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். பேச்சு வரப்பு மாதிரி நேராகப் போகும்.

"மாசம் பொறந்தா சம்பளம்னு ஒரு வேலையைத் தேடிக்கினு வாங்க மாப்ள. அன்னிக்கே அனுப்பி வைக்கறேன். பட்டினி கெடக்கவா பொண்ணைக் குடுத்தேன்?"

விருந்தாளி மாதிரி போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவேன். அது என்னைக் கண்டாலே அழும்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டைக்கு இரண்டு நிரந்தர வாட்ச்மேன்கள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. மானத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் டெண்டர் அண்ணன்.

"இன்னாண்ணே, நீங்களா?"

"வூட்ல அடுப்பு எரியலடா. கொள்கையைப் போட்டுக் கொதிக்க வெச்சுப் பாத்தேன், சாறு எறங்க மாட்டேங்குது."

ஆள் எடுத்த தொல்பொருள் இலாகா ஆபீசர் வெளியூர்க்காரர். "இது நிரந்தர வேலை, தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"எவ்ளோ நாள்ல முடிக்கணும் சார்?" என்றார் அண்ணன்.

"ரிட்டயர் ஆகிற வரைக்கும்."

"அவ்ளோ நாளு இழுக்கற வேலையா? நாலு ஆளு போட்டா ஒரு மாசத்துல முடிச்சுக் குடுத்துடுவேனே சார்."

ஆபீசர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். சிரித்த வேகத்தில் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்.

வாசலில் காவல் இருக்க வேண்டும், புல்லும் முள்ளும் வெட்ட வேண்டும், ஆடு மாடு மேலே ஏறாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. உடுப்புக்குக் காக்கிச் சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். அண்ணன் தன் பழைய ஆட்களைக் கூட்டி வந்தார். வேலையில்லாமல் இருந்தவர்கள், அவர் முகத்துக்காக வந்து நின்றார்கள். ஒரே வாரத்தில் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரம் மொட்டை போட்ட தலை மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் ஆபீசரிடம் போய் நின்றார்.

"வேலை முடிஞ்சிட்டுது சார். வந்து அளந்துக்குங்க."

"நல்லது. நாளைக்கு வா."

"நாளைக்கு இன்னா வேலை?"

"இதே வேலைதான்."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "அப்போ இன்னிக்கு நான் செஞ்சது சரியில்லீங்களா சார்?"

இந்த மனுசருக்கு நிரந்தரம் என்றால் என்ன என்று யாராலும் விளங்க வைக்க முடியவில்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடிவாரத்தில் பச்சையம்மா என்று ஒரு ஆட்டுக்காரி. கோட்டைக்குள் யார் ஆடு அதிகம் ஏறும் என்று கேட்டால் ஊரே அவளைத்தான் காட்டும். அண்ணன் நேராக அவளிடம் போனார்.

"தோ பாரு, மலைமேல ஒரு ஆடு ஏறக்கூடாது. உன்னுதும் ஏறக்கூடாது, அடுத்தவனுதும் ஏறக்கூடாது. வெட்டற புல்லு மொத்தமும் உனுக்கு. சம்பளம் வந்தா அதுலயும் பங்கு. இன்னா சொல்ற?"

"தொப்பியும் குடுப்பியா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கோட்டைப் பக்கம் ஆட்டுச் சத்தமே இல்லை. அண்ணன் காக்கிச் சட்டையோடு பஜாரில் காண்ட்ராக்ட் தேடி அலைந்தார்.

"அண்ணே, இது தப்பாயிடும்" என்றேன்.

"ஆடு வருதா?"

"வரல."

"அப்புறம் இன்னாடா தப்பு?"

எனக்குப் பயம். என் வேலை போனால் என் குடும்பமே வந்து சேராது. மாமனாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். காக்கிச் சட்டையில் என்னைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அஞ்சலையை விடுவதாகப் பதில் வந்திருந்தது. அதனால் கோட்டை வாசலில் நான் உட்காருகிற கல்லைவிட்டு நகரவே இல்லை.

அவர்கள் வந்தார்கள். மாமனார், கையில் பையோடு அஞ்சலை, அவள் இடுப்பில் பிள்ளை. அவர்கள் என்னிடம் வந்து சேர்வதற்கும் ஆபீசர் ஜீப் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. வாசலின் எதிர்ப்பக்கம், அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில், பச்சையம்மா தொப்பியைச் சரி செய்துகொண்டு, ஆடு ஓட்டுகிற கோலோடு ஒரு சலாம் வைத்தாள்.

"யாரும்மா நீ?"

"வாச்சுமேனுங்க."

ஆபீசர் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினார். அதற்குள் வெற்றிலையை மென்றபடி அண்ணனும் பஜாரிலிருந்து வந்து சேர்ந்தார்.

"சம்பளம் உனக்கு, வேலை இந்த அம்மாவுக்கா?" என்று சீறினார் ஆபீசர்.

"ஆமாங்க. ஒரு ஆடு காட்டுங்க சார், பாக்கலாம்."

ஆபீசர் மலையை அண்ணாந்து பார்த்தார். ஆடு இல்லை. அதில்தான் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ரெண்டு பேரும் காண்ட்ராக்டர்கள், ரெண்டு பேரும் கூட்டு. சட்டையைக் கழற்றி வெச்சிட்டுக் கிளம்புங்க" என்றார்.

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அஞ்சலை கையிலிருந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். அஞ்சலை நகரவில்லை. அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

அண்ணன் அந்தப் பையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"சார், என்னை அனுப்புங்க, அது ஞாயம். இவனை எதுக்கு அனுப்பறீங்க? இவன்லாம் ஒரு காண்ட்ராக்டரா? என்கூட டெண்டர் போட்டு ஒண்ணுலகூட ஜெயிக்காதவன் சார் இவன்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று டெண்டரில் இவரை நான் மண் கவ்வ வைத்திருக்கிறேன். தொண்டூர் ரோட்டு மதகு சாட்சி. வாய்வரை வந்துவிட்டது. அண்ணன் என் கால் கட்டை விரலை மிதித்துக்கொண்டு மேலே பேசினார்.

"தானா ஒரு வேலை புடிக்கத் தெரியாது. ஆளு வெச்சு வேலை வாங்கத் தெரியாது. ஒக்காருன்னா ஒக்காருவான், ஏந்திரின்னு சொன்னாத்தான் ஏந்திரிப்பான். காலைலேர்ந்து ஒக்காந்துகினு இருக்கான், கல்லு எது இவன் எதுன்னு தெரியுதா பாருங்க."

பெண்டாட்டி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பச்சையம்மா வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். பிறந்ததிலிருந்து என்னைப் பற்றி ஒருவர் குறைத்துப் பேசி நான் சும்மா இருந்தது அந்த ஒருமுறைதான்.

ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் சொல்றது நிஜமா?"

கட்டை விரல் நசுங்கியது.

"நிஜம் சார்" என்றேன்.

"அப்ப சரி. இந்த மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும்" என்றார் ஆபீசர்.

மாமனார் முகம் மழை கண்ட கொல்லை மாதிரி தெளிந்தது. "அப்டின்னா மாப்ள இனிமே காண்ட்ராக்டு பக்கமே போவ மாட்டாருங்களா?" என்று அண்ணனிடமே கேட்டார்.

"ஜென்மத்துக்கும் முடியாதுங்க" என்று கியாரண்டி கொடுத்தார் அண்ணன்.

பை கீழே இறங்கியது. பிள்ளை என் கைக்கு வந்தது. ஒரு பாட்டம் அழுதுவிட்டு, என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. அண்ணன் தொப்பியைப் பச்சையம்மாவிடமிருந்து வாங்கி, சட்டையையும் கழற்றி ஆபீசரிடம் கொடுத்துவிட்டு, வெறும் பனியனோடு மாமனாருடன் நடந்தார். வேலை போன துக்கம் அவர் முதுகில் துளியும் தெரியவில்லை.

"உங்க ஊர்ல கெணறு எப்டிங்க? தண்ணி கெடக்குதா?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் மாமனாரின் கிணற்றை ஆழப்படுத்துகிற வேலையை எடுத்துவிட்டார். அது ஒன்றிலிருந்து ஒன்றாக அனந்தபுரம் பக்கம் பத்துக் கிணறு.

பிறகு மழை வந்தது. யூனியனில் மறுபடி வேலை விட்டார்கள். நானும் காக்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமனார் அஞ்சலையைக் கூட்டிப்போக வரவில்லை. அவர் கிணற்றில் அப்போது தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அண்ணன் கேட்கிற வேலைக்கு நான் டெண்டர் போடுவதை விட்டேன். ஒருநாள் வீட்டுக்கே வந்து சண்டை பிடித்தார். "எதிர்ல ஆளு இல்லாம ஜெயிச்சா எனுக்குச் சோறு எறங்குமாடா? போடுடா."

போட்டேன். அவர் எவ்வளவு போடுவார் என்று எனக்குத் தெரியாதா? எப்போதும் அதற்குக் கொஞ்சம் மேலேயே போட்டேன். கவர் பிரித்ததும், "இவனுக்கு டெண்டர் போடவே வராதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்று ஆபீஸ் அதிரச் சிரிப்பார். நானும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன்.

அதிலிருந்து அவர் கண் மூடுகிற வரைக்கும் ஒரு டெண்டரில்கூட அவரை நான் ஜெயிக்கவில்லை. கோட்டை வாசலில் அண்ணன் பொய் சொன்னார் என்று நாளைக்கு ஊரில் ஒருவன் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.