கேத வீட்டில் நாலாவது போன்

டிவிக்கு வெள்ளை வேட்டி போர்த்தி ஆறு நாள் ஆகியிருந்தபோது, சூர்யகலா மாடியேறி வந்து அண்ணன் மணிமாறனின் அறைக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, தப்பா நினைக்காத. ஒன்னு கேக்கணும்."

அப்பா சோலைமலை போய்ச் சேர்ந்து ஆறு நாள். தங்கை கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள் என்றால் பூந்தோட்டத்தின் பாகப்பிரிவினையாகத்தான் இருக்கும் என்று மணிமாறன் மனதைத் திடப்படுத்திக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சாளா இல்லையான்னு மட்டும் தெரியணும்ணே."

"எந்தப் பொண்ணு?"

"ஆறரை மணி சீரியல்ல. எட்டு மாசமா கோமாவுல கெடக்கா. இந்த வாரம் முழிக்கப் போறா."

மணிமாறன் தங்கையைப் பார்த்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த வீங்கிய முகத்தோடுதான் கேட்கிறாள் என்பதால் அவனுக்குக் கோபம் வரவில்லை.

"போன்ல ஆப்புல பாக்க வேண்டியதுதானே?"

"காசு கட்டணுமே. உங்க மாப்ள கார்டுல கட்டுனா அவருக்கு மெசேஜ் போகும். கேத வீட்ல ஒக்காந்து சீரியல் பாக்குறியாடின்னு கேப்பாரு. நீதான் ஏதோ டப்பா செய்றியேண்ணே."

உண்மைதான். மணிமாறன் ஒரு சென்னைக் கம்பெனிக்காக திண்டுக்கல் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். டிஷ் வயரை ஒரு சின்ன டப்பாவில் செருகினால், அது வீட்டு வைஃபை வழியாக வீட்டில் இருக்கும் எந்தப் போனுக்கும் டிவியை அனுப்பும். எட்டு மாதமாக அதைத்தான் வடிவமைத்துக்கொண்டிருந்தான். அப்பா போன நாளிலிருந்து மேசைப் பக்கம் போகவில்லை. அணைக்கக்கூட யாருக்கும் தோன்றாததால் டப்பா தன்பாட்டுக்குப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஹெட்செட் போட்டுக்க. பெரியப்பா காதுல விழுந்துச்சு, நம்ம கதை அம்புட்டுத்தான். முக்கியமா அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த பெரியப்பா வீரப்பன் முதல் நாளே சொல்லிவிட்டார். "கருமாதி முடியுற வரைக்கும் இந்த வீட்ல டிவிச் சத்தம் கேக்கக் கூடாது. பதினாறு நாளும் எந்தம்பி இங்கனதான் சுத்திக்கிட்டு இருப்பான்." வேட்டியைப் போர்த்தியவரும் அவரேதான்.

ஆனால் மணிமாறன் பயந்தது பெரியப்பாவுக்காக அல்ல. அம்மா அய்யம்மாள் ஆறு நாளாக ஹாலில், அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களைப் பார்த்துத் தலையசைப்பார், அவ்வளவுதான். சோற்றுத் தட்டை நீட்டினால், "வச்சிருத்தா, பெறகு" என்பார். பிறகு தட்டு கொல்லைப்பக்கம் கழுவிக் கவிழ்ந்திருக்கும். நாய்க்கு வைத்துவிடுகிறார் என்று மணிமாறனின் மனைவி கீர்த்தனா கண்கலங்கினாள். அம்மாவையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று மணிமாறன் பயந்தான். இந்த நிலையில் பிள்ளைகள் சீரியல் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் மனசு தாங்குமா?

மறுநாள் கீர்த்தனா வந்தாள்.

"என்னங்க, உங்க தங்கச்சி போர்வைக்குள்ள ஒக்காந்து எதையோ பாக்குறா."

"துக்கமா இருப்பா."

"துக்கத்துல யாராவது 'அடிப்பாவி, மாத்திரையை மாத்துறாளே'ம்பாங்களா?"

தங்கைக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடக் கூடாதே என்று மணிமாறன் அவள் போனையும் டப்பாவில் சேர்த்தான். அவளுக்கு ஆறு மணி நகைச்சுவை நிகழ்ச்சி. மனசை ஆற்றிக்கொள்ளத்தான் என்றாள்.

எட்டாம் நாள் பெரியப்பாவே படியேறினார். மூச்சு வாங்க உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"ஏலே அப்பு, டிவி வேற, வானிலை வேற, என்ன?"

"ஆமா பெரியப்பா."

"அங்க நெலக்கடலை வெதைச்சிட்டு வந்து கெடக்கேன். வானம் பாத்த பூமி. மேகம் எங்கிட்டு நிக்குதுன்னு மட்டும் பாக்கணும். அந்தப் புள்ளைக போன்ல தெரியுற மாதிரி எனக்கும் செஞ்சு குடு."

யாருக்கும் தெரியாத ரகசியம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் அல்லவா?

டப்பாவில் ஒரு குறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் அதனால் பிடிக்க முடியும். ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும்.

"அண்ணே, அவ கண்ணு இமை ஆடுது, அந்நேரம் பாத்து வங்காள விரிகுடா வருது!"

"என்னடா மணி, புயல் கரையைக் கடக்குதான்னு பாத்தா, எவளோ ஒருத்தி கட்டில்ல படுத்துருக்கா!"

இது போதாதென்று தினமும் ஆறே முக்காலுக்கு யாரோ விவசாய நிகழ்ச்சியை வேறு வைத்தார்கள். சொட்டு நீர்க் குழாய் போடுவது எப்படி, ஆட்டுக்குக் குடற்புழு நீக்குவது எப்படி என்று ஒருவர் பொறுமையாக விளக்கினார். சூர்யகலா பெரியப்பாவைச் சந்தேகப்பட்டாள். பெரியப்பா கீர்த்தனாவைச் சந்தேகப்பட்டார். கீர்த்தனா கணவனைச் சந்தேகப்பட்டாள்.

மணிமாறன் ஒரு பூட்டுப் போட்டான். இனி இவர்கள் மூவரும் சேனல் மாற்ற முடியாது. ஆறு மணிக்குச் சிரிப்பு, ஆறரைக்குச் சீரியல், ஏழுக்கு வானிலை. டப்பாவே மாற்றும்.

பூட்டுப் போட்டதில் புதிய வம்பு வந்தது. தன் நேரம் வரும்வரை காத்திருக்க முடியாமல் மூவரும் எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் சாயங்காலம், அப்பாவின் பூ மார்க்கெட் சிநேகிதர் ராயப்பராஜ் கேதம் கேட்க வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம். மூன்று நொடி கழித்துப் பின்னறையிலிருந்து அதே சத்தம். அதற்கும் நாலு நொடி கழித்து வாசல் பக்கத்து அறையில் பெரியப்பாவின் கனத்த குரலில் அதே சத்தம். ஒவ்வொரு போனுக்கும் படம் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ராயப்பராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழுகையை இப்பிடி அடக்கக் கூடாது தம்பி, நெஞ்சுக்கு ஆகாது. வாய்விட்டு அழச் சொல்லுங்க."

மணிமாறன் தலைகுனிந்து நின்றான். அம்மா நிமிர்ந்து பார்த்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பதினோராம் நாள் பகல் முழுக்க உட்கார்ந்து தாமதத்தைச் சரிசெய்தான். மூன்று போனுக்கும் ஒரே நொடியில் படம் வந்தது. கம்பெனியில் ஆறு மாதமாக யாராலும் முடியாத காரியம். அப்பா இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமும் ஆட்கள் வந்தார்கள். அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போயிருந்தார். ஆறே முக்காலுக்குச் சரியாக அந்தப் பெண் கண்ணைத் திறக்கப் போக, பூட்டையும் மீறிச் சேனல் மாறியது. ஆடு வந்தது.

"அடச்சீ!"

மூன்று அறையிலிருந்தும் ஒரே நொடியில், ஒரே குரலாக வந்தது. கேதம் கேட்க வந்த நாலு பேரும் செருப்பைத் தேடினார்கள்.

வந்தவர்கள் போனதும் மூவரும் மாடிக்கு ஓடிவந்தார்கள். ரகசியம் என்ற பேச்சே இப்போது இல்லை.

"யாரு மாத்துனது?"

"பூட்டுத்தான் போட்டாச்சே!"

மணிமாறன் லேப்டாப்பில் பட்டியலைத் திறந்தான். வீட்டில் மூன்று போன் இணைந்திருக்க வேண்டும். நாலு இருந்தது. நாலாவதன் பெயரைப் படித்தவன், மறுபடியும் படித்தான்.

"என்னண்ணே?"

"அப்பா போன்."

டப்பாவை முதன்முதலில் சோதித்துப் பார்த்தவர் அப்பாதான். அவர் போனுக்குத்தான் எல்லா அதிகாரமும் கொடுத்திருந்தான். எந்தப் பூட்டும் அதைக் கட்டுப்படுத்தாது. தினமும் தோட்டத்திலிருந்து வந்து, விவசாய நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது அவர் வழக்கம்.

"எப்பருந்து பாக்குறான்?" என்றார் பெரியப்பா. 'பாக்குறான்' என்று அவர் சொன்னது எல்லோருக்கும் உறைத்தது.

"மூணா நாள் சாயந்தரத்துலருந்து. அன்னைக்கு நம்ம யாருமே பாக்கலை."

"பால் தெளிச்ச அன்னைக்கே வந்துட்டானே!"

"அந்த போனை யாரு வச்சிருக்கா?" என்றாள் கீர்த்தனா.

பெரியப்பாவுக்கு முகம் வெளுத்தது. "குளிப்பாட்டிச் சட்டை மாத்துறப்ப போனு கையில வந்துச்சு. கூடவே போகட்டும்னு புதுச் சட்டைப் பையில நாந்தான் வச்சு விட்டேன்."

"அப்ப சுடுகாட்டுலருந்தா வருது?" சூர்யகலா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்புட்டுத் தூரம் எடுக்காது," என்றான் மணிமாறன். தொழில் புத்தி அந்த நேரத்திலும் பொய் சொல்ல விடவில்லை. "வீட்டு வைஃபைக்குள்ள இருந்தாத்தான் வேலை செய்யும்."

மூவரும் காலைத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டார்கள்.

பெரியப்பா விசும்பினார். "நம்மதான் தப்புப் பண்ணிட்டோம். கேத வீட்ல டிவி ஓடவும், அவனுக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசு வரலை. வயரைப் பிடுங்குடா மணி. எந்தம்பி போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்."

மணிமாறன் டப்பாவின் பக்கத்தில் போய் நின்றான். படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன். ஆனாலும் கை போகவில்லை. பார்க்கட்டுமே என்று தோன்றியது. இன்னும் ஐந்து நாள் பார்த்துவிட்டுப் போகட்டும். அப்பாவுக்காக அவன் செய்து கொடுத்தது இது ஒன்றுதான்.

"பிடுங்குடா!"

கண்ணை மூடிக்கொண்டு, "போய்ட்டு வாங்கப்பா" என்று வயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. சூர்யகலா சத்தமாக அழுதாள். பெரியப்பா மேற்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். இத்தனை நாளில் முதல்முறையாக நாலு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. படத்துக்குத் தினமும் பூ கொண்டுவரும் கருப்பாயி, கையில் ஒரு போனோடு வாசலில் நின்றாள்.

"தம்பி, அண்ணன் போன்ல படம் நின்னுபோச்சு, செத்த என்னன்னு பாருங்க. தூக்குறதுக்கு முன்னாடி சட்டைப் பையிலருந்து மதினிதான் எடுத்து வச்சுக்கிட்டாக. மதினி பாதிச் சோத்துல கையை எடுத்துட்டாக. இந்த ஆட்டுப் புரோகிராம் ஓடுனாத்தான் அவுகளுக்கு நாலு வாய் எறங்குது. அதையும் கொல்லையில ஒளிஞ்சு ஒக்காந்துதான் பாக்குறாக, பிள்ளைக அம்புட்டும் டிவியைத் திரும்பிக்கூடப் பாக்காம இருக்குதுக, நான் மட்டும் பாக்குறது தெரிஞ்சா என்ன நினைக்கும்னு!"