பின்னால் மாலை போட்ட வண்டி

ஒரு விஷயத்தை வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவனுக்கு அந்த விஷயம் தெரிந்திருக்கும் என்று உலகம் நம்புகிறது. நம்பிவிட்டுப் போகட்டும். துவாக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் நடத்தும் பாடம், சூடு எங்கிருந்து எங்கே போகிறது, அதை எப்படிப் போகவைப்பது என்பது. அதே பாடத்தில், மனைவியும் மாமனாரும் சாட்சியாக, நான் பெயிலான கதை இது.

ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது லாரிப் பைத்தியம். ஏலத்தில் ஒரு பழைய ராணுவ டிரக்கை எடுத்தேன். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, காடு மலை எல்லாம் ஏறுகிற ரகம். (இப்படித்தான் விற்றவர் சொன்னார். வண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்தது இன்னொரு லாரியின் முதுகில்.) வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் அதை இறக்கினோம். தெருவில் எல்லோரும் நாங்கள் பழைய இரும்பு வியாபாரம் தொடங்கப்போவதாக நினைத்தார்கள்.

துருவைச் சுரண்டினேன், தகரம் ஒட்டினேன், பச்சைப் பெயின்ட் அடித்தேன். பாதிப் பெயின்ட் என் மேல்தான் இருந்தது. என் இடது முழங்காலுக்கு கிளட்ச் மிதிக்கிற வேலை ஆகாது. அதனால் பழைய கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஒரு குணம் உண்டு. பாரத்தோடு மேட்டில் மெதுவாக ஏறினால் அதற்குள் இருக்கும் ஆயில் கொதிக்கும். கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் கியர்பாக்ஸ் கருகிவிடும். அதைத் தடுக்க ஆயில் கூலர் என்று ஒன்று வைக்க வேண்டும். பார்க்கச் சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். சூடான ஆயில் அதற்குள் போய், காற்று பட்டு, ஆறித் திரும்பும். அதை வண்டியின் மூக்கிலேயே, முன் கிரில்லை ஒட்டினாற்போல, காற்று நேராக வந்து படும் இடத்தில் பொருத்தினேன். பொருத்தியதோடு நிற்காமல் பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் என்று யாரையும் விடாமல் இழுத்துவந்து காட்டினேன். "காத்து தடையில்லாம படணும், அதுதான் சூட்சுமம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பத்திரிகை வைக்க வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

என் மனைவி ரேவதி வங்கியில் அதிகாரி. (வீட்டிலும் அதே பதவிதான்.) ஒரு நாள் அவள் நிதானமாகத் தீர்ப்புச் சொன்னாள்.

"என்னையும் அப்பாவையும் இந்த வண்டியில பச்சைமலைக்கு மேல கொண்டு போங்க. ஏறிடுச்சுன்னா வண்டி இங்கயே இருக்கட்டும். நடுவழியில நின்னு நாங்க பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி ஆச்சுன்னா, மறுநாளே காயலான் கடைக்காரர் வருவார்."

நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அன்று ராத்திரி டார்ச்சோடு மூன்று தடவை போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வண்டியை நான் அவ்வளவு நேசித்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

புறப்படும் நாள் காலையில் மாமனார் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பவர். பூஜை போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்றார். சாத்தார வீதிப் பூக்கடையில் சொல்லிவைத்து மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாலை என்றால் சாதாரண மாலை இல்லை. சாமந்தியும் ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்துத் தொடை கனத்துக்குக் கட்டியது. இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க முடிந்தது.

"மாப்பிள்ளே, மலை ஏறி முடிக்கிற வரைக்கும் மாலையைக் கழட்டப்படாது" என்றார்.

கழற்றுவதாவது! நானே அதை மூன்று மடிப்பாக மடித்து, கிரில் கொஞ்சமும் தெரியாதபடி பரப்பி, காற்றில் ஆடாமல் இருக்கக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். எட்ட நின்று அழகும் பார்த்தேன். ரேவதி மாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பூரித்துப்போய் நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்டோம். கொள்ளிடத்தைத் தாண்டித் துறையூர் வரைக்கும் வண்டி சமர்த்தாக ஓடியது. மாமனார் பின்பக்கப் பலகையில், வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்து, கண்ணை மூடிப் பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். மலைப்பாதை தொடங்கியதும் என் எதிரே இருந்த சூடு காட்டும் முள் மெல்ல நகர்ந்தது. இரண்டு வளைவு ஏறுவதற்குள் சிவப்பைத் தொட்டது. மூன்றாவது வளைவில் கருகிய எண்ணெய் நாற்றம் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

அடுத்து நான் செய்ததெல்லாம் ஒரு வல்லுநர் செய்கிற காரியங்கள். பக்கவாட்டில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். குழாய்களைத் தடவிக் கையைச் சுட்டுக்கொண்டேன். இறுக்கமாக இருந்த கிளாம்பை இன்னும் இறுக்கினேன். ஆயில் கொஞ்சம் ஊற்றினேன். அதில் பாதி என் சட்டைக்குள் போனது. ஊரைப் பார்த்துப் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் காயலான் கடைக்காரரின் குரலாகவே கேட்டது. "கண்ணு, இந்த ஒரு தடவை மானத்தைக் காப்பாத்துடா" என்று கியர்பாக்ஸிடம் மன்றாடினேன். (மனதுக்குள் என்றுதான் நினைத்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.)

வெளியே ரேவதி மர நிழலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பின்பக்கப் பலகையில் மாமனாரின் பாசுரம் நிற்காமல் ஓடியது. எங்கேயோ ஆட்டு மணி சத்தமும் கேட்டது. மலையென்றால் ஆடு இருக்கத்தானே செய்யும்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு, நுழைந்த வழியிலேயே வெளியே வந்து, நேராக ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். முள் கீழேயே நின்றது. அடுத்த வளைவிலும் நின்றது. செங்குத்தான ஏற்றத்திலும் அசையவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்ச வழி முழுக்க, சரியாக இறுக்கிய ஒரு கிளாம்ப் எப்படி ஒரு கியர்பாக்ஸின் தலையெழுத்தையே மாற்றும் என்று ரேவதிக்கு வகுப்பு எடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரவள்ளிக் கொல்லைகளைப் பார்த்தபடி வந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. ரோடு மோசம் என்று நினைத்தேன்.

மேலே டீக்கடை முன்னால் வண்டியை ராஜநடையாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். இறங்கியதும் ரேவதி கேட்டாள், "மாலை எங்க?"

முன்னால் போய்ப் பார்த்தேன். நான் கட்டிய கம்பி இருந்தது. கம்பியில் ஒரு முழம் ஈர நாரும் இரண்டு சாமந்திக் காம்பும் இருந்தன. அதற்குப் பின்னால், என் ஆயில் கூலர் ஜம்மென்று காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

பத்திரிகை வைக்க வந்தவர்களுக்குக்கூடச் சொன்ன சூட்சுமம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஆடுங்கதான். பம்பர்ல காலைத் தூக்கி வச்சுத் தின்னுச்சுங்க. மேய்க்கிற அம்மா விரட்ட வந்தாங்க. நான்தான் வேண்டாம்னு கையைக் காட்டினேன்" என்றாள் ரேவதி.

"மாலைதான் காரணம்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"புறப்படும்போதே சொல்லியிருந்தா அப்பா கழட்ட விட்டிருப்பாரா, நீங்கதான் கேட்டிருப்பீங்களா?"

மாமனார் என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்துகொண்டே திரும்பினேன். அவர் நாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "கழட்டப்படாதுன்னுதான் சொன்னேன். திங்கப்படாதுன்னு சொல்லலையே. பெருமாள் பாத்துண்டார்" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார்.

அவர் டீயோடு நகர்ந்த பிறகு நான் ரேவதியிடம் மெதுவாகக் கேட்டேன். ஆடுகளை விரட்டியிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும், காயலான் கடைக்குப் போயிருக்கும், நீ நினைத்ததும் நடந்திருக்குமே என்றேன்.

"அடியில படுத்துக்கிட்டு அதுகிட்ட கண்ணு, கண்ணுன்னு கெஞ்சிட்டிருந்தீங்க. மனசு கேக்கல" என்றாள்.

அன்று இறங்கி வரும்போது நான் கிளாம்பைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் வண்டி ஓட்டியதும் இல்லை.

டிரக் இன்றும் அதே மனையில்தான் நிற்கிறது. வீட்டில் மிக்ஸி மக்கர் பண்ணி நான் ஸ்குரூ டிரைவரைத் தேடினால், "இருங்க, ஆட்டைக் கூப்பிடலாம்" என்கிறாள் ரேவதி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாமனார் அதே கனத்தில் மாலை கொண்டுவருகிறார். அதை வண்டியின் பின்கதவில் கட்டுகிறோம். ஸ்ரீரங்கத்திலேயே பின்னால் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் வண்டி எங்களுடையதுதான். ஏன் என்று யாராவது கேட்டால், ரேவதி நாற்காலி போட்டு உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்கிறாள். அவர்கள் காபி குடித்து முடிக்கும் வரை எழுந்திருப்பதில்லை. சொல்லி முடித்ததும் வண்டிக்கு முன்னால் போய், கிரில்லில் ஒட்டியிருக்கும் சருகை முந்தானையால் தட்டிவிட்டு உள்ளே வருகிறாள்.