அமராவதிக்குப் பிடிக்காத நிறங்கள்

மூன்றாவது தடவையும் அமராவதி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அறையின் நான்கு சுவர்களிலும் வெளிர்பச்சை காய்ந்துகொண்டிருந்தது. பெயின்டர் பொங்கியண்ணன் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துணியில் துடைத்தபடி ஓரமாக நின்றார். அவரிடம் சுவர் தேய்க்கும் வேலைக்கு வரும் வேலாத்தாள், தரையில் விரித்திருந்த செய்தித்தாளைச் சுருட்டுவதா விடுவதா என்று தெரியாமல் குனிந்த வாக்கிலேயே இருந்தாள். ஆறுமுகசாமி மனைவியின் முதுகுக்கு இன்னொரு தலையணையை முட்டுக்கொடுத்து, நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

அமராவதி நிதானமாகத்தான் பார்த்தாள். எதிர்ச்சுவர், ஜன்னலோரம், கதவுக்கு மேலே எல்லாம் பார்த்தாள்.

"வவுத்தப் பொரட்டுதுங்க," என்றாள்.

ஆறுமுகசாமி கோபித்துக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'பச்சை. வயிற்றைப் புரட்டுகிறது' என்று எழுதிக்கொண்டார்.

அவர் முப்பத்து நான்கு வருடம் ஒரு சாயப்பட்டறையின் லேப்பில் இருந்தவர். வெளிநாட்டுக்காரன் ஒரு கலரைக் கேட்பான். அதைச் சின்னத் துணித்துண்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். சிவப்பு தூக்கலாக இருக்கிறது, மங்கலாக இருக்கிறது என்று அவன் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவான். மறுபடி ஏற்றி அனுப்ப வேண்டும். ஒரு கருநீலம் பதினோரு தடவை திரும்பி வந்திருக்கிறது. துணி வாங்குகிற பையருக்குப் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை, ஏன் என்று கேட்பது லேப்காரனுடைய வேலையல்ல, அடுத்ததைப் போட்டு அனுப்புவதுதான் வேலை என்பது ஆறுமுகசாமியின் கொள்கை. அந்தக் கொள்கையோடுதான் அவர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற எட்டாம் மாதம் அமராவதிக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது.

கோயமுத்தூரில் ஐந்து மாதம் வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைச் செய்துகொடுங்கள் என்றார். அனுப்பர்பாளையத்து வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்தார் ஆறுமுகசாமி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். இருபது நாள் எழவில்லை என்றே சொல்லலாம். இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை ஜானகி கொண்டுவந்து வைத்த இட்லி காய்ந்துகொண்டிருக்கும். இவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொள்வார். என்ன வேண்டும் என்று மணிக்கொரு தரம் அவளைக் கேட்பார். அமராவதிக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் காலை மேலிருந்து பழைய சுண்ணாம்பு பெயர்ந்து அவள் போர்வை மேல் விழுந்தது. அதை விரலால் தள்ளிவிட்டு, "இந்தச் செவுத்துக்கு நல்லதா ஒரு கலர் அடிச்சுக் குடுங்களே, பாத்துட்டாவது கெடப்பன்," என்றாள்.

டாக்டர் சொன்ன ஆசை வந்துவிட்டது. ஆறுமுகசாமி அன்றைக்கே பொங்கியண்ணனைக் கூட்டிவந்தார். ஷேட் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, டியூப்லைட்டில் பார்த்து, வாசல் வெயிலிலும் பார்த்து, தந்தத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். கட்டிலை ஹாலுக்கு மாற்றி, அடித்து, காயவிட்டு, அவளைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து காட்டினார். ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தாற்போல இருக்கிறது என்றாள். அடுத்து இளநீலம். அதைப் பார்த்து, பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி நிறம் என்றாள். காப்பி கொண்டுவந்த ஜானகி வாசலிலேயே நின்றுவிட்டாள். மூன்றாவதுதான் இந்தப் பச்சை.

நான்காவது தடவை ஆறுமுகசாமி தொழில்முறைக்கு இறங்கினார். ஒன்பது அட்டைகளில் ஒன்பது நிறம் பூசி, பின்னால் நம்பர் போட்டு, சீட்டுக்கட்டுப் போல அவள் முன்னே விரித்தார். அமராவதி ஐந்தாம் நம்பர் சந்தனத்தை எடுத்தாள். அவர் அதில் அவளிடம் கையெழுத்துக்கூட வாங்கிக்கொண்டார். சந்தனத்தை இரண்டு கோட்டிங் அடித்துக் காட்டியபோது அவள் தலையை ஆட்டினாள்.

"அட்டையில பாத்தது இது இல்லீங்க."

பொங்கியண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அட்டைக்குப் பூசியதும் சுவருக்குப் பூசியதும் ஒரே பக்கெட்டுதான் என்று அதைத் தூக்கிக் காட்டினார். ஆறுமுகசாமி அவரை வாசலுக்குக் கூட்டிப்போய், பையரிடம் வாக்குவாதம் செய்யக்கூடாது என்று புத்தி சொன்னார். தப்பு வெளிச்சத்தில் இருக்கும் என்றார்.

வெளிச்சத்தைச் சரிசெய்யப் போனதில்தான் வீடு கைவிட்டுப் போனது. டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு மாட்டினார். பழைய வயர் தாங்காமல் புகைந்து, கூரையில் கறுப்பாக ஒரு தடம் விழுந்தது. ஆகவே கூரைக்கும் பெயின்ட். நாற்றத்தில் அவளுக்கு இருமல் வந்ததால் கட்டில் மறுபடி ஹாலுக்குப் போயிற்று. நான்கு தடவை போய்வந்ததில் கட்டில்கால் உரசி, ஹால் சுவரில் நீளமாகக் கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை என்றாள். ஹாலைத் தேய்க்க ஆரம்பித்ததும் கட்டில் சமையலறைக்கு எதிரே வந்தது. அங்கே படுத்த மறுநாள், அடுப்படிச் சுவர் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கண்ணில் குத்துகிறது என்றாள்.

இப்படியாக ஒரு மாதத்தில் அந்த வீட்டில் பெயின்ட் படாத இடம் சாமி படங்களுக்குப் பின்புறம் மட்டும்தான். அடுப்பு பின்வாசலுக்குப் போய்விட்டது. ஆறுமுகசாமியே அங்கே நின்று அவளுக்குக் கஞ்சி காய்ச்சினார். பதினொரு மணிக்குப் பொங்கியண்ணன் வாங்கிவரும் டீயையும் வடையையும் வேலைக்காரர்களோடு உட்கார்ந்து தின்றார். மத்தியானம் பார்சல் சோறு. ஆள் நிற்கும்போது தான் மட்டும் பட்டினி கிடக்க முடியாதல்லவா? அவரும் பெயின்டரும் கடைக்குப் போகும் நேரங்களில் வேலாத்தாள் உப்புத்தாளை வைத்துவிட்டு அமராவதிக்குக் கால் பிடித்துவிட்டாள்.

நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பெயின்ட் டின் மேல் உட்கார்ந்தார்கள். சேவூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஈரச்சுவரில் சாய்ந்து, ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க ரோஸ் கலராக இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லியிருப்பார்கள்.

சென்னையிலிருந்து வந்திருந்த மகள் யாழினி இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, மூன்றாம் நாள் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று அத்தையிடம் அழுதாள். ஜானகி அன்று மாலையே வந்து அண்ணனைப் பின்வாசலில் பிடித்துக்கொண்டாள். நோயாளி இருக்கிற வீட்டில் இந்த நாற்றம் ஆகுமா, ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா என்றெல்லாம் கேட்டாள். அமராவதி கேட்கிறாள், நான் அடிக்கிறேன் என்றார் ஆறுமுகசாமி.

ஜானகி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"ஊர்ல இருக்கற பையருக்கெல்லாம் கலர் போட்டுக் குடுத்தீங்க. அண்ணிக்கு ஒரு சேலையாச்சும் அவங்களக் கேட்டு எடுத்திருக்கீங்களாண்ணா? உங்களுக்குத்தான் கலர் தெரியும்னு நீங்களே எடுத்துட்டு வருவீங்க, அவங்களும் கட்டிக்குவாங்க. இப்ப வேண்டாம்னு சொல்றது அவங்க மொறைங்க."

கஞ்சி பொங்கி வழிந்தது. ஆறுமுகசாமி அதைக் கவனிக்கவில்லை.

முப்பத்தோரு வருடத்துத் தீபாவளிகளை அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். மாம்பழ மஞ்சள் ஒன்று, மயில்கழுத்து ஒன்று, கல்யாணநாளுக்கு ஒரு அரக்கு. எல்லாம் அவர் எடுத்தவை. இந்த வீடு கட்டியபோது அமராவதி ஏதோ ஒரு கலர் சொன்னாள், தொழில் தெரிந்தவன் வீடு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடித்துவிட்டார். அவள் சொன்ன கலர் எது என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அதுதான் அவரை ரொம்பவும் வதைத்தது.

மறுநாள் கட்டிலோரம் போய் நின்று கேட்டார்.

"எம்மேல கோவமா அம்மிணி?"

அமராவதி கண்ணை மூடிக்கொண்டே, "கலரு நல்லாலீங்க, அவ்வளவுதான். காப்பிக் கலர்ல எதாச்சும் பாருங்களேன்," என்றாள்.

கோபம்தான் என்று அவர் முடிவு செய்துகொண்டார். தண்டனை என்றால் அதை முழுசாக அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்று ஒரு வீம்பும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் சொல்லியும் அவர் நிற்கவில்லை. காப்பி அடித்தார், சகதி என்றாள். ரோஸை இன்னும் வெளுப்பாக்கி அடித்தார், மருந்து மாத்திரை என்றாள். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது. காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைசியாக ஒரு இளமஞ்சள். அது ஒரு வியாழக்கிழமை. முன்னறையில் ஒன்றரைச் சுவர் அடித்தாகிவிட்டது. அன்று காலையில் அமராவதி கஞ்சியை விழுங்கவில்லை. ஆறுமுகசாமிக்கு மனசு சரியில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரப் பார்த்தார். அவள் உதடு அசைந்தது. அவர் குனிந்தார்.

"மஞ்ச பத்தலீங்க. இன்னொரு சொட்டு சேத்தி வாங்கிட்டு வாங்க."

அவர் தயங்கினார். அவள் கண்ணைத் திறந்து வாசற்பக்கம் காட்டினாள்.

அவினாசி ரோட்டுப் பெயின்ட் கடையில் கலர் கலக்கும் பையனோடு அரைமணி நேரம் மல்லாடி, கூட ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்து, மூடியில் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டு, பக்கெட்டோடு வந்து இறங்கியபோது வாசலில் ஜானகி அழுதுகொண்டிருந்தாள். பொங்கியண்ணன் ஓடிவந்து பக்கெட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே வேலாத்தாள் அமராவதியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரைச் சுவர் மஞ்சளும் மிச்சம் ரோஸுமாக இருந்த அறையில்தான் அவளைக் கிடத்தி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் பிணத்தைப் பார்த்தார்கள், சுவரையும் பார்த்தார்கள். ஆறுமுகசாமி யாரையும் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவள் மூச்சு விடும்போது, தான் ஒரு சொட்டு மஞ்சளுக்காகக் கடையில் நின்றுகொண்டிருந்தோம் என்பது மட்டும் அவருக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, மகளும் ஊருக்குப் போன பிறகு, பொங்கியண்ணன் தன் ஏணியையும் பலகைகளையும் எடுத்துப்போக வந்தார். கூடவே வேலாத்தாளும் வந்தாள். ஆறுமுகசாமி அவர்களை உட்காரச் சொன்னார். தாடி வளர்ந்திருந்தது, ஆனால் உடம்பு மோசமில்லை. வீடு முழுக்க ஒரே வெள்ளையாக அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். பொங்கியண்ணன், இந்த மஞ்சள் பாங்காகத்தானே இருக்கிறது, இதையே முடித்துவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

ஆறுமுகசாமி நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஒன்பது நிறம், ஒன்பது குறை, ஒன்பது தேதி.

"ஒண்ணுகூடப் பாஸ் ஆகலீங்க. எந்தச் செவுரும் அவளுக்குப் புடிக்கல, என்னையும் புடிக்கல. கடேசி நேரத்துல மூஞ்சியப் பாக்கக்கூட இஷ்டமில்லாம வெளிய தொரத்திட்டா. நாஞ் செஞ்சதுக்கு அது சரிதானுங்க. இனி நானெதுக்குக் கலரு பாக்கோணும்? வெள்ளையே அடிங்க."

வேலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, சுவரோரம் போய் நின்றாள். அமராவதி தன்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருப்பதாகவும், செத்தவர்களிடம் செய்த சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை என்றும் முதலில் சொன்னாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அக்காளுக்கு எல்லாக் கலருமே ரொம்பப் புடிச்சுதானுங்க இருந்துச்சு, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா வேல முடிஞ்சுபோயிரும், அப்பறம் அந்த மனுசன் சோறு தண்ணியில்லாம எம்பட பக்கத்துலயே உக்காந்து எனக்கு முன்னால போயிருவாரு, அவரு எம்பட சாவப் பாக்கக்கூடாதுன்னுதானுங்க வேண்டாம் வேண்டாம்னாங்க."