பெயர் சொல்லாத போதகர்

பெயர் சொல்லாத போதகர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் அலபாமாவில் தேர்தல் நெருங்கினால் ஈசல் மாதிரிப் புறப்படுவார்கள். இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று மேடையில் சொன்னால் சபைக்கு அரசு தந்த வரிவிலக்கு பறிபோகலாம். சொல்லாவிட்டாலோ தூக்கம் வராது. ஆகவே பெயரை மட்டும் விழுங்கிவிட்டு, உயரம், தாடி, கடை இருக்கும் தெரு, வண்டியின் நிறம் எல்லாவற்றையும் ஆண்டவரிடம் விவரித்து ஜெபிப்பார்கள். ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியாதா என்ன?

எங்கள் போதகர் ஹார்லன் புரூயிட் இதில் மன்னன். போன வருஷம் பள்ளிக் குழுத் தேர்தலில் தீவனக் கடை வெண்டெலும், எங்கள் சபையில் பத்தொன்பது வருஷமாகப் பியானோ வாசித்துவந்த லொரெட்டாவும் நின்றார்கள். வெண்டெல், போதகரோடு மீன்பிடிக்கப் போகிறவர்.

"நான் யார் பேரையும் சொல்லல," என்று அந்த ஞாயிறு ஆரம்பித்தார். "ஆனா புருஷனை விட்டுட்டு வந்த ஒருத்தி நம்ம புள்ளைங்க படிப்பைத் தீர்மானிக்கலாமா? நீங்களே ஜெபம் பண்ணிப் பாருங்க."

சபையில் அப்படி ஒருத்திதான். 'ஆமென்' என்றோம். நானும்தான்.

லொரெட்டா எழுந்தாள். "பேரைச் சொல்லிடுங்க, பாஸ்டர்."

"சகோதரி, நான் பொதுவாத்தான்..."

"அவன் என் கையை உடைச்சப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான். அதையும் பொதுவாச் சொல்லிடுங்களேன்."

போதகர் இருமினார். பிறகு, நிஜமான கவலையோடு, "பேரைச் சொன்னா வரி ஆபீஸுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" என்றார்.

"உங்களைக் கேள்வி கேக்க வரி ஆபீஸ் மட்டும்தானா இருக்கு?"

பியானோவை மூடினாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை.

நாற்பத்தொரு ஓட்டில் தோற்றாள். அடுத்த ஞாயிறு, சுருதி கொடுக்க ஆளில்லாமல் ஆளுக்கொரு பக்கம் பாட்டை இழுத்தோம். "அரசியல் பேசாத சபையைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்" என்று போதகர் கண்ணீரோடு ஜெபித்தார். லொரெட்டா இப்போது ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு சபையில் வாசிக்கிறாள். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை கிளம்பினேன். பாலம் வரை போனேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "யாரையும் மனசுல வச்சு எழுதல" என்று தொடங்கி நீங்கள் ஒன்பது வரி அனுப்பினீர்களே, அன்றைக்கே உங்கள் மைத்துனி குழுவை விட்டு ஏன் விலகினாள் என்று விசாரித்தீர்களா?