பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை

அரிசோனாப் பாலைவனத்தில், யூமா நகரத்துக்குச் சற்று வெளியே, காப்பர் குவெயில் வண்டிப்பேட்டை மிக ஒழுங்காக நடந்துவந்தது. வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும், ஓய்வுபெற்ற மனிதர்கள் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பஸ் மாதிரியான மோட்டார் வீடுகளை ஓட்டிக்கொண்டு, பின்னால் ஆளுக்கொரு சின்னக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேருவார்கள். வீட்டை நிறுத்தி, தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் மாட்டி, சரளைக்கல் மேல் பிளாஸ்டிக் புல்லை விரித்து நாற்காலி போட்டுவிட்டால், மார்ச் மாதம் வரை ஒருவருக்கும் ஒரு குறையும் கிடையாது. குறை இல்லாத இடத்தில் மனிதனுக்குப் பொழுது போகாது. ஆகையால் அவர்கள் ஒரு கமிட்டி அமைத்திருந்தார்கள்.

கமிட்டியின் முழுப்பெயர் தோற்றம், பாதுகாப்பு மற்றும் தராதரப் பேணல் கமிட்டி. தலைவர் டுவேன். நெப்ராஸ்காவில் பெட்ரோல் பங்குகளில் அளவு சரியாக ஊற்றுகிறார்களா என்று பார்க்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பிளாஸ்டிக் புல் பச்சையாக மட்டுமே இருக்கவேண்டும், நாய்கள் முழங்காலுக்கு மேல் வளரலாகாது என்பன போன்ற அரிய விதிகளை இயற்றிய கமிட்டி, அந்த ஜனவரியில் இன்னொன்றையும் இயற்றியது. பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகள் பேட்டையின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவிப்பதால், மேற்படி வண்டிகள் ஒரு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று சலவைக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள்.

எல்மர் அதைத் துணி காயவைக்கப் போனபோது படித்தார். மினசோட்டாவில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்கு ஆசிரியராக இருந்தவர். அவருடைய மோட்டார் வீட்டுக்கு வயது பதினான்கு. தினமும் காலையில் டயருக்குக் காற்று அளப்பார், வருஷத்துக்கு இரண்டு தடவை கூரை இடுக்குகளுக்குப் பசை பூசுவார். அது நின்று போனதே இல்லை. ஆனால் இப்போது அவர் கவலை வண்டி இல்லை, மனைவி லோர்னா. அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை. குனிந்து காலுறை போட முடியாது, எல்மர்தான் போட்டுவிடுகிறார். வண்டியில் குலுங்கிக்கொண்டு ஊர் ஊராக அலையக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஜனவரியில் வேறு எந்தப் பேட்டையிலும் இடமும் கிடைக்காது.

மறுநாளே டுவேன் வந்துவிட்டார்.

"எல்மர், உன் வண்டிக்கு என்ன வயசு?"

"தெரியாத மாதிரி கேட்கறியே! போன கிறிஸ்துமஸுக்கு இதுக்குள்ள உட்கார்ந்துதானே எங்க வீட்டு வான்கோழியைத் தின்னே?"

"அது நண்பனாத் தின்னது." டுவேன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்போ தலைவராக் கேட்கறேன். உங்கள் வண்டியின் வயது என்ன?"

"பதினாலு. ஆனா லோர்னாவுக்குப் புது இடுப்பு வெச்சிருக்கு, டுவேன். அவளைக் குலுக்கக் கூடாது."

"விதி வண்டியைப் பத்தினது. இடுப்பைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை."

"வண்டி நல்லா ஓடுதேப்பா! அதோ பெர்னிஸ் வண்டியைப் பாரு. புத்தம் புதுசு. நாலு பட்டனை அமுக்கியும் பக்கவாட்டு அறை உள்ள போகமாட்டேங்குது."

பக்கத்து இடத்துப் பெர்னிஸ், இந்த விதி வரப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, இருபது வருஷக் கடனில் மாளிகை மாதிரி ஒரு மோட்டார் வீடு வாங்கியிருந்தாள். பட்டனை அமுக்கினால் இழுப்பறை மாதிரி வண்டியிலிருந்து வெளியே நீளும் பக்கவாட்டு அறை, வந்த அன்றைக்கு நீட்டியபடியே நிற்கிறது. அதற்கு வேண்டிய பாகம் இண்டியானாவிலிருந்து வந்துகொண்டிருப்பதாக மூன்று மாதமாகக் கடிதம் வருகிறது. மழை பெய்தால் சமையலறையில் பக்கெட் வைக்கிறாள்.

"ஓடுதா, ஒழுகுதாங்கறது கமிட்டிக்கு வேண்டாத விஷயம்," என்றார் டுவேன். "நாங்க வயசை மட்டும்தான் பார்க்கறோம்."

கெடு நாளன்று எல்மர், தாம் இழுத்துவந்த ஜீப்பை மோட்டார் வீட்டுக்குப் பின்னால் கட்டத் தொடங்கினார். வண்டி கட்டுகிறவனிடம் யாரும் பேசக் கூடாது என்பது பேட்டையில் எழுதாத சட்டம். போன வருஷம் டுவேன் கார் கட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ அவர் தொப்பியைப் புகழ்ந்துவிட்டார்கள். அவர் திரும்பி நன்றி சொன்னார். சொன்ன மறதியில் காரை நியூட்ரலில் போடாமலே இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் புகை. கியர்பாக்ஸ் வெந்து போயிற்று. அன்றிலிருந்து யாராவது வண்டி கட்டினால் மற்றவர்கள் காப்பிக் கோப்பையோடு எட்ட நின்று, வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்ப்பார்கள்.

எல்மர் மண்டியிட்டு இழுவைக் கம்பியைப் பூட்டினார். ஊசி செருகினார். சங்கிலி மாட்டினார். விளக்குக்கான வயரைச் சொருகினார். பிறகு முன்னால் போய் விளக்கைப் போட்டார். பின்னால், நடக்க உதவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற லோர்னா, இடது பக்கம் எரியவில்லை என்று தலையை ஆட்டினாள்.

கூட்டம் தவித்துப் போயிற்று. பேசவும் கூடாது, யோசனை சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஒருவர் விரலால் ஃபியூஸ் பிடுங்கிக் காட்டினார். ஒருவர் காற்றில் பல்பைக் கழற்றினார். ஒருத்தி வயரைப் பல்லால் கடித்துக் காட்டினாள். ஒரு பெரியவர் கைகூப்பி வானத்தைப் பார்த்தார். எல்மர் யாரையும் பார்க்கவில்லை. ஜீப்பின் பின்பக்கம் கருப்பு வயர் உடம்போடு சேரும் திருகைக் கழற்றி, அதிலிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்கினார். விளக்கு எரிந்தது.

டுவேனால் அடக்க முடியவில்லை. "பாத்தியா! இதுக்குத்தான் பழைய வண்டி கூடாதுங்கறது!"

"விளக்கு எரியாதது ஜீப்புல, டுவேன். ஜீப்புக்கு மூணு வயசு. உன் காருக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு. அதை இதுல இழுக்காதே. அதுல கியர்பாக்ஸ் புதுசு."

"புதுசுன்னா?"

"புதுசு போட்டா அது புது வண்டிதானே! கமிட்டியே அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கு."

"கமிட்டின்னா யாரு?"

"நான்தான்."

எல்மர் ஸ்பானரைக் கீழே வைத்தார். டுவேனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மோட்டார் வீட்டின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போடவைத்தார். மோட்டார் வீட்டுக்காரர்கள் டயரின் தேய்மானத்தைப் பார்ப்பதில்லை, ஜாதகத்தைத்தான் பார்ப்பார்கள். அது பிறந்த வாரமும் வருஷமும் ரப்பரிலேயே குத்தியிருக்கும்.

"படி. என்ன வயசு?"

"ரெண்டு."

"பாட்டரி போன வருஷம் மாத்தினது. ஃபிரிட்ஜ் அதுக்கு முந்தின வருஷம். கூரை, தண்ணி பம்ப், வண்டியைத் தூக்கி நிறுத்தற ஜாக்கி மோட்டார் எல்லாம் மாத்தியாச்சு. இதுல பதினாலு வயசானது எதுன்னு காட்டு பார்ப்போம்?"

"அடிச்சட்டம்," என்றார் டுவேன் பலவீனமாக.

"சரி, அதையும் சேர்த்துக் கூட்டி வகுத்துப் பாரு."

வாழ்நாள் முழுக்க அளந்த மனிதரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. டுவேன் சரளைக்கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். நாலரை வயது வந்தது. அன்று சாயங்காலமே சலவைக்கூடத்தில் அவசரக் கூட்டம் கூடி, "வண்டியின் வயது என்பது அதன் பாகங்களின் சராசரி வயதே ஆகும்" என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எல்மர் ஜீப்பை அவிழ்த்தார். லோர்னா நிம்மதியில் கொஞ்சம் அழுதாள்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வயது குறைகிறது என்று தெரிந்தபின் எந்த மனிதன் சும்மா இருப்பான்? நாலு மணிக்கு அவரவர் நாற்காலியும் கோப்பையும் எடுத்துக்கொண்டு கூடும் கூட்டத்தில், முன்பெல்லாம் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது வேறு பேச்சே இல்லை.

"எங்க வண்டி இந்த வாரம் மூணு வயசாயிடுச்சு."

"அப்படியா? போன வாரம் அஞ்சுன்னீங்களே?"

"கதவுக் கைப்பிடியெல்லாம் மாத்திட்டோம்ல!"

பிறகு யாரோ ஒரு மேதை, எஞ்சினும் ஒரு பாகம்தான், திருகாணியும் ஒரு பாகம்தான் என்று கண்டுபிடித்தார். எஞ்சின் மாற்றினால் வீடே விற்றுப்போகும். ஒரு பை திருகாணி வாங்கிப் போட்டால் வண்டி ஒரே மத்தியானத்தில் பச்சைக்குழந்தை ஆகிவிடும். யூமாவில் திருகாணிக்குத் தட்டுப்பாடு வந்தது. கூரைகளில் நன்றாக இறுகிக் கிடந்த திருகாணிகளையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டார்கள். அடுத்த மழையில் பேட்டை முழுவதும் சமையலறையில் பக்கெட் வைத்தார்கள்.

பெர்னிஸுக்கு மட்டும் வயிறு எரிந்தது. இண்டியானாவிலிருந்து பாகம் வரவில்லை, ஆகவே அவள் வண்டியில் எதுவும் மாறவில்லை. காயலான் கடைக்குப் போகவேண்டிய வண்டிகளெல்லாம் பிறந்து ஆறு வாரம் ஆனதாகச் சான்றிதழ் ஒட்டிக்கொண்டு நிற்க, இருபது வருஷக் கடனில் வாங்கிய அவள் மாளிகை அவற்றுக்கெல்லாம் மூத்த வண்டி ஆகிவிட்டது. கமிட்டிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"ஐம்பத்தஞ்சு வயசுக்குக் கீழே உள்ளவங்க இந்தப் பேட்டையில குடியிருக்கக் கூடாது. அதுதானே நம்ம முதல் விதி?"

"ஆமாம்," என்றார் டுவேன். "அதுல மாற்றுக் கருத்துக்கே இடமில்லை."

"வண்டிக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்குன்னு கமிட்டி பாரபட்சம் காட்டுமா?"

"ஒருபோதும் காட்டாது."

"அப்போ சொல்லுங்க. உங்க வலது முட்டிக்கு என்ன வயசு?"

"நாலு."

"இடது?"

"மூணு."

"கண்ணுல வெச்ச லென்ஸ்?"

"ரெண்டு வருஷம் ஆகுது. ஏன் கேட்கறே?"

"பல்லு?"

டுவேன் வாயை மூடிக்கொண்டார். எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் அல்கோடோனஸில் மலிவாகக் கட்டிக்கொண்ட பல் என்று அனைவருக்கும் தெரியும். பேட்டையில் பாதிப் பேருடைய பல் அங்கே கட்டியதுதான்.

"திருகாணியை ஒவ்வொண்ணாத்தானே எண்ணினோம்?" என்றாள் பெர்னிஸ். "பல்லையும் அப்படியே எண்ணுங்க."

டுவேன் நேர்மையான மனிதர். அளவில் மட்டும் பொய் சொல்லமாட்டார். எண்ணினார், கூட்டினார், வகுத்தார். தலைவருக்கு வயது முப்பத்தொன்று என்று தெரியவந்தது. அவர் முகத்தில் துக்கத்தைவிடச் சந்தோஷமே அதிகம் தெரிந்தது. மற்றவர்களும் வரிசையில் நின்று தங்களை அளந்துகொண்டார்கள். தோள்பட்டை மாற்றிய பெர்னிஸே நாற்பதைத் தாண்டவில்லை.

"லோர்னா, நாற்பத்தொன்று," என்று வாசித்தார் டுவேன்.

"நாப்பத்தொண்ணா?" லோர்னா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். "எல்மர், கேட்டியா?"

"கேட்டேன். அப்படின்னா உன்னை வெளியே போகச் சொல்றாங்கடீ."

எல்மருக்கு ஒரு பாகமும் மாற்றியதில்லை. எழுபத்து நான்கு, அத்தனையும் அசல். அவர் தாராளமாக இருக்கலாம், நாலரை வயது வண்டியும் இருக்கலாம், மனைவி மட்டும் ஒரு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எல்மருக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைச் சுவரில் எறிந்தார். பிறகு அதைத் தேடி எடுத்துக்கொண்டு வண்டி கட்டப் போனார்.

நல்லவேளையாகச் சாலைக்கு எதிர்ப்பக்கமே அரசாங்கத்தின் வெற்றுப் பாலைவனம் கிடந்தது. யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம், கேட்பார் கிடையாது. வயது போதாதவர்கள் எல்லோரும் சாரை சாரையாக வண்டி கட்டி அங்கே போனார்கள். பெர்னிஸ் மட்டும் நீட்டிய அறையோடு போனாள். வழியில் ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்தது. எல்மர் லோர்னாவைத் தலையணைகளுக்கு நடுவே உட்காரவைத்து, நத்தை மாதிரி ஓட்டிக்கொண்டு கடைசியாகப் போய்ச் சேர்ந்தார்.

அதற்குள் பாலைவனத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் டுவேன் நின்றார். பக்கத்தில் புதுக் கமிட்டியின் செயலாளர் பெர்னிஸ்.

"வண்டி நாலரை. வரலாம்," என்றார் டுவேன். "லோர்னா நாப்பத்தொண்ணு. வரலாம். எல்மர், உன்கிட்ட ஏதாவது மாத்தின பாகம் இருக்கா?"

"ஒரு பல்லுல சிமெண்ட் அடைச்சிருக்கு."

"அது பழுது பார்த்தது. மாத்தினதுல சேராது." டுவேன் தொண்டையைச் செருமினார். "இங்கே ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. வருந்துகிறேன். நீங்கள் தினமும் நாலு மணி வரை பார்வையாளராக வந்துபோகலாம்."

"இது அரசாங்க நிலம்டா! ராத்திரி அவளைப் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போறது யாரு? விடியக்காலையில அவளுக்குக் காலுறை போடறது யாரு?"

"பழைய ஆளுங்களை உள்ளே விட்டா இடத்தோட மதிப்பு என்னாகும்னு யோசிங்க," என்றாள் பெர்னிஸ்.

எல்மர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். லோர்னாவுக்கும் அழுகை வந்தது. ஆனால் அவளும் இப்போது நாற்பத்தொரு வயதுக்காரி.

"அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு எல்மர்," என்றாள் மெதுவாக. "எல்லாரும் மாத்திக்கிட்டாங்க. நீ மட்டும்தான் அப்படியே இருக்கே."

மறுநாள் காலை எல்மர் எல்லையைத் தாண்டி அல்கோடோனஸுக்கு நடந்தார். பல் டாக்டர் இளைஞன். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, விளக்கடித்து, கண்ணாடி வைத்து மேலும் கீழும் பார்த்தான்.

"பெரியவரே, ஒண்ணுகூடக் கெட்டுப்போகல. இந்த வயசுல இப்படிப் பல்லு நான் பார்த்ததே இல்லை. எதைப் புடுங்கணும்?"

"எல்லாத்தையும்," என்றார் எல்மர்.